அம்மா 33 வருஷம் நர்ஸ். அவங்க பாக்கெட் நோட்டுல எழுதியிருக்கறது புரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க

மூத்தவ:

எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மா 33 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தவங்க, போன மாசம் தவறிட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை கூட வேலை பார்த்தவங்கல்லாம் சேர்ந்து நினைவுக் கூட்டம் வச்சிருக்காங்க, பொண்ணுங்கற முறையில நான் பத்து நிமிஷம் பேசணும். உட்கார்ந்து எழுதினா ரெண்டு பத்திக்கு மேல நகரல. எனக்குத் தெரிஞ்சது வீட்டுல இருந்த அம்மா மட்டும் தான். யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வாசலைத் தாண்டினதுக்கு அப்புறம் அவங்க என்ன செஞ்சாங்க, எப்படி இருந்தாங்க, ஒண்ணும் தெரியாது. "இன்னைக்கு எப்படிம்மா இருந்துச்சு"ன்னு கேட்டா "வார்டு ஃபுல்லு"ம்பாங்க, அதோட சரி.

மறைக்காம சொல்றேன், எனக்கு சின்ன வயசுலருந்து அவங்க மேல ஒரு மனக்குறை உண்டு. டியூட்டி முடிஞ்சு வரும்போது நாங்க ஓடிப்போய் கட்டிப்பிடிக்கப் பார்த்தா கையை நீட்டி அங்கயே நிப்பாட்டிருவாங்க, "கிட்ட வராத, தள்ளிப் போ"ன்னு சொல்லிட்டு நேரா பாத்ரூம் தான். நைட் முடிச்சு வந்தா ஜன்னல்ல கருப்பு போர்வையைக் கட்டி, கதவைச் சாத்திட்டு தூங்குவாங்க, லீவு நாள்ல நாங்க சத்தம் போடாம ஒரு மூலையில உட்கார்ந்திருக்கணும். இதையெல்லாம் கூட விட்டுரலாம். எனக்கு பத்து வயசு, தம்பிக்கு நாலு வயசு இருக்கும்போது ஒரு ராத்திரி அவனுக்கு நெருப்பா காய்ச்சல். அம்மாவுக்கு நைட் ட்யூட்டி. அப்பா தான் விடிய விடிய பக்கத்துலயே உட்கார்ந்து துணியை நனைச்சு துடைச்சு விட்டுக்கிட்டிருந்தாரு, நான் அழுதுகிட்டே தூங்கிட்டேன். காலையில அம்மா வந்தாங்க, குளிச்சாங்க, அப்புறம் அவன் பக்கத்துல உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம இருந்தாங்க. அவன் மூஞ்சியைக் கூட பார்க்கல. அது எனக்கு அப்படியே மனசுல தங்கிடுச்சு. ஊரான் வீட்டுப் பிள்ளைன்னா பார்ப்பாங்க, சொந்தப் பிள்ளைன்னா இவ்வளவு தானான்னு.

இப்ப அவங்க அலமாரியை ஒழுங்கு பண்ணும்போது உள்ளங்கை அளவு நோட்டு ஒண்ணு கிடைச்சுது. பாதிக்கு மேல கிழிச்சு எடுத்திருக்கு, மிச்சம் நாலஞ்சு பக்கம் தான், அதுலயும் எழுதியிருக்கறது ஒரே ஒரு பக்கம். கூடவே தலைகீழா தொங்கற மாதிரி ஊக்கு வச்ச சின்ன வாட்ச். பக்கத்துல இருக்கறதை அப்படியே போடறேன்:

7 – 10 ம / 12 இ / 2 வ / 4 ம / 6 இ
9 – 500 / 8 / 21
11 – 4 மணி உ 1100 / வெ 140 !!
சி கா 6 போன்
14 – 4.10 (இதைச் சுத்தி வட்டம் போட்டிருக்காங்க)

கீழ வேற பேனாவுல: சி – மூ 34

நர்ஸா இருக்கறவங்க, இருந்தவங்க யாராவது இது என்னன்னு சொல்ல முடியுமா? கூட்டத்துல உட்காரப் போறவங்கள்லாம் அந்தப் பக்கம் பார்த்தவங்க. எனக்கு மட்டும் தான் அது தெரியாது, நான் போய் அவங்க முன்னாடி என்ன பேசறது.

நைட்_சிஸ்டர்:

அக்கா, முதல்ல அம்மாவுக்கு அஞ்சலி. நான் 19 வருஷமா மெடிக்கல் வார்டு, ஐசியூன்னு மாறி மாறி இருக்கேன். அந்தப் பக்கத்தைப் படிச்சதும் அந்த ராத்திரியே கண்ணு முன்னாடி வந்துருச்சு. நம்பர் எல்லாம் பெட் நம்பர்.

7ம் பெட்டு தான் எனக்கு தொண்டையை அடைச்சது. ம, இ, வ. மல்லாக்க, இடது, வலது. தானா புரள முடியாத ஒருத்தர் அதுல இருந்திருக்கார், அவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வச்சிருக்காங்க உங்கம்மா. ஒரே பக்கமா கிடந்தா எலும்பு துருத்தற இடத்துல, பின் இடுப்பு, குதிகால், தோள்பட்டை இங்கெல்லாம் ரத்த ஓட்டம் அமுங்கி தோல் செத்துரும். முதல்ல ஒரு சிவப்பு தெரியும், விரலை வச்சு அமுக்கினா வெளுக்காது. அதை அன்னைக்கே பார்த்துட்டா சரி, விட்டா புண்ணு, அதுக்கப்புறம் கையே உள்ள போற மாதிரி குழி, நோய் ஒண்ணுன்னா இது ஒண்ணுன்னு ஆளையே கொண்டு போயிடும். எழுதும்போது "12 இ"ன்னு ஒரு எழுத்து தான், செய்யும்போது அது என்னன்னா, கட்டில் சைடுல நின்னு முட்டியை லேசா மடக்கி ஷீட்டைச் சுருட்டிப் பிடிச்சு, ஒரு இழுப்பு, முதுகுக்கு அண்டைக்குடுக்க ஒரு தலகாணி, ரெண்டு முட்டிக்கு நடுவுல ஒண்ணு, குதிகால் மெத்தையில படாம அந்தரத்துல நிக்கற மாதிரி கெண்டைக்கால் அடியில ஒண்ணு, அடியில இருக்கிற கை நசுங்காம வெளிய எடுத்து விட்டு, ஷீட்டுல சுருக்கம் இல்லாம இழுத்து விட்டு, ஈரம் இருக்கான்னு தடவிப் பார்த்து. துணைக்கு ஆள் கிடைச்சா புண்ணியம். பத்து மணிலருந்து ஆறு மணி வரைக்கும் அஞ்சு தடவை, ஒண்ணு கூட தப்பல பாருங்க. அதுவும் நாலு மணிக்கு. அந்த நேரத்துல தான் நம்ம உடம்பு சூடு ரொம்பக் குறைஞ்சு கண்ணு தானா சொக்கும், நின்னுக்கிட்டே தூங்கியிருக்கேன் நான்.

9 வந்து டிரிப். 500 மில்லி, 8 மணி நேரம், நிமிஷத்துக்கு 21 சொட்டு. டிரிப் செட்டுல ஒரு மில்லிக்கு 20 சொட்டுன்னா 500 பெருக்கல் 20 பத்தாயிரம் சொட்டு, 8 மணி நேரம்னா 480 நிமிஷம், வகுத்தா 20.8. பம்பு இல்லாத வார்டுல இதை மனக்கணக்கா போட்டு, சொட்டு விழறதைப் பார்த்துக்கிட்டே ட்யூப்ல இருக்கற உருளையை நகட்டி நகட்டி வைக்கணும். அதுக்குத் தான் அந்த வாட்ச். மத்தவங்களுக்குத் தலைகீழா தெரியும், மாட்டியிருக்கறவங்க குனிஞ்சு பார்த்தா நேரா இருக்கும். கையில கட்டக் கூடாது, மணிக்கட்டுல வாட்ச் இருந்தா கை சரியா கழுவ முடியாது, அழுக்கும் கிருமியும் பட்டைக்கடியில தங்கும்.

11ம் பெட்டுக்கு உள்ள போனது 1100 மில்லி, வெளிய வந்த யூரின் 140. 60 கிலோ ஆளுன்னா மணிக்கு 30 மில்லியாவது வரணும், ராத்திரி ட்யூட்டி ஏறினதுலருந்து நாலு மணி வரைக்கும்னா 200க்கு மேலயே வந்திருக்கணும். கிட்னி திணறுதுன்னு அர்த்தம். ரெண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்காங்கன்னா தூங்கிட்டிருந்த ட்யூட்டி டாக்டரை எழுப்பியிருப்பாங்க, திட்டு கூட வாங்கியிருப்பாங்க. நானும் வாங்கியிருக்கேன். நோயாளி பேச்சு மூச்சில்லாம கிடக்கும்போது அவருக்காக அந்தப் பாட்டிலைத் தூக்கி அளவு பார்த்து சண்டை போடறது நாங்க தான்.

மிச்ச மூணு வரி எனக்கு நிச்சயமா சொல்ல வரல, பெரியவங்க யாராவது வருவாங்க.

பாடம்_எடுக்கறவ:

நான் நர்சிங் காலேஜ்ல டீச்சரா இருக்கேன், எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. நோட்டை நைட் சிஸ்டர் பிரமாதமா சொல்லிட்டாங்க, நான் உங்க மனக்குறையைப் பத்தி மட்டும் பேசறேன் மா.

கிட்ட வராதன்னு கையை நீட்டினாங்கன்னு எழுதியிருக்கீங்க. வார்டுலருந்து வர்ற யூனிஃபார்ம்ல என்னென்ன ஒட்டியிருக்கும்னு அவங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. சீழ் கட்டு மாத்தியிருப்பாங்க, காசநோய்க்காரர் மூஞ்சிக்கு நேரா இருமியிருப்பார், வாந்தி அள்ளியிருப்பாங்க. முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு நான் எப்பவும் செம்மல்வைஸ்ங்கற டாக்டர் கதையைச் சொல்வேன். 1847ல வியன்னாவுல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, பிணத்தை அறுத்துப் பார்த்த கையோட டாக்டருங்க வந்து பிரசவம் பார்ப்பாங்க, தாய்மாருங்க கொத்துக் கொத்தா ஜன்னி கண்டு செத்தாங்க. குளோரின் கலந்த தண்ணியில கையைக் கழுவிட்டு வாங்கன்னு அவர் கட்டாயப்படுத்தினார், சாவு மளமளன்னு குறைஞ்சுது. அந்தக் காலத்துல பாதிப் பேர் அவரை நம்பவே இல்ல. சோப்பு போட்டுன்னா 40 முதல் 60 செகண்ட்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்ம பிள்ளைங்க பத்து செகண்டுல முடிச்சுட்டு ஓடுதுங்க.

நானும் அப்படித் தான் இருந்தேன். என் சின்னப் பொண்ணு தவழற வயசுல, நான் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கேட்டைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னு கத்துவா, பால் கட்டி மார்பு கல்லு மாதிரி வலிக்கும், யூனிஃபார்ம் நனைஞ்சு போயிருக்கும், ஆனாலும் தாண்டிப் போய் குளிச்சுட்டுத் தான் தூக்கினேன். அந்த அஞ்சு நிமிஷம் அவ அழுத அழுகை எனக்கு இன்னும் காதுல கேட்குது. உங்கம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

கருப்பு போர்வை விஷயம். வெளிச்சம் கண்ணுல பட்டா தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்கறது குறைஞ்சுடும், அதனால பகல்ல தூங்கறவங்க அறையை இருட்டாக்கியே ஆகணும், அப்படியும் ராத்திரி தூங்கற அளவுக்கு வராது, சராசரியா கொஞ்ச நேரம் குறைச்சலா தான் தூங்குவாங்க. அந்தத் தூக்கம் கெட்டா மறுநாள் ராத்திரி மருந்து டோஸ்ல ஒரு புள்ளி தள்ளி விழும், அப்புறம் யாரு பொறுப்பு. ராத்திரி ஷிஃப்ட் வேலையை மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம் உள்ள பட்டியல்ல 2007ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்துச்சு, 2019ல மறுபடி அலசிட்டும் அதையே சொன்னாங்க. அம்மாவுக்கு அதனால தான் ஆச்சுன்னு நான் சொல்ல வரல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. அவங்க உடம்பு என்ன விலை குடுத்துச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்னு தான் எழுதறேன். நர்ஸுங்கள்ல பெரும்பாலானவங்க பொம்பளைங்க, உலக அளவுலயும் அப்படித் தான். அதுல எத்தனை வீட்டுல ஒரு பிள்ளை ஜன்னல் போர்வையைப் பார்த்துக்கிட்டு சத்தம் போடாம உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் பேச்சை விளக்கு ஏந்திய நைட்டிங்கேல்ல ஆரம்பிக்காதீங்க மா. எல்லாரும் அதைத் தான் சொல்வாங்க. அவங்க பெரியவங்க தான், கிரிமியா போர்ல காயத்தை விட நோயால தான் சிப்பாய்ங்க அதிகமா செத்தாங்கன்னு கணக்கெடுத்து 1858லயே படமா வரைஞ்சு காட்டினவங்க. ஆனா அவங்களுக்கு கல்யாணம் இல்ல, குழந்தை இல்ல, காலையில வீட்டுக்கு வந்து யூனிஃபார்ம் பொத்தான் தைக்கிற வேலை இல்ல. உங்கம்மா செஞ்சதுக்கு உங்கம்மாவையே தான் சொல்லணும்.

சிஸ்டர்_மகன்:

நான் வேற மாதிரி ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் அம்மாவும் நர்ஸ், ரிட்டயர் ஆகி வீட்டுல இருக்காங்க. மேல சொன்னதெல்லாம் சத்தியம். ஆனா அதைப் படிச்சுட்டு உங்க மனக்குறையை அழிச்சுட்டு தியாகச் சுடர், தெய்வம்னு மட்டும் பேசிட்டு வந்துராதீங்க. என் பத்தாவது ரிசல்ட் அன்னைக்கு அம்மா டபுள் ட்யூட்டி, மாத்தி விட ஆள் வரலன்னு பிடிச்சு வச்சுட்டாங்க. அது அம்மா தப்பு இல்ல, ஆள் போடாம நடத்தினவங்க தப்பு. அன்னைக்கு நான் தனியா இருந்தது மட்டும் நிஜம் தானே. தெய்வம்னு சொல்லிச் சொல்லியே தான் ஒருத்தர் தலையில ரெண்டு பேர் வேலையைக் கட்டறாங்க. கூட்டத்துல உட்கார்ந்திருக்கற சிஸ்டருங்க எல்லாருக்கும் வீட்டுல ஒரு பிள்ளை இப்படி கோவிச்சுக்கிட்டிருக்கும், நீங்க கோவப்பட்டதையும் சேர்த்துச் சொன்னீங்கன்னா அவங்களுக்கும் ஆறுதலா இருக்கும்.

மூத்தவ:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி படிச்சுட்டு எழுந்து போய் அந்த வாட்சை என் சுடிதார்ல குத்திப் பார்த்தேன், குனிஞ்சா நேரா தெரியுது. செகண்ட் முள்ளு நின்னு போச்சு.

மிச்சம் மூணு வரியும் யாராவது சொல்லுங்களேன். அந்த வட்டம் என்ன? "சி"ன்னு ஏதாவது மருந்தா?

பழைய_வார்டு:

கண்ணு, நான் ஓய்வு பெற்று 8 வருஷம் ஆச்சு. டைப் பண்ண நேரம் ஆகும், மெதுவா சொல்றேன்.

14ம் பெட்டுல 4.10க்கு ஒருத்தர் போயிட்டார். எங்க காலத்துல நோட்டுல இப்படி தான் சுழிச்சு வைப்போம், கேஸ் ஷீட்டுல நேரம் சரியா எழுதணும்ல. அப்ப நடக்கறதை வீட்டுல யாரும் சொல்ல மாட்டோம், உங்கம்மாவும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஸ்கிரீனை இழுத்து விட்டு, ஊசி ட்யூப் எல்லாம் எடுத்து, கண்ணை மூடி விட்டு, கொஞ்ச நேரம் இமையை விரலால பிடிச்சுக்கிட்டே நிக்கணும். விறைக்கறதுக்கு முன்னாடி கை காலை நேராக்கி, வாயில தாடை விழாம கட்டி, உடம்பைத் துடைச்சு, தலையைச் சீவி விடுவோம். வெளிய காத்திருக்கற பொண்டாட்டி பிள்ளைங்க வந்து பார்க்கும்போது தூங்கற மாதிரி இருக்கணும். நான் துடைக்கும்போது "அய்யா, கையைத் தூக்கறேன்"னு சொல்லிட்டு தான் தூக்குவேன், உயிர் இல்லன்னு தெரிஞ்சும் தான். நேரத்தைப் பாருங்க, நாலு மணிக்கு 7ஐ திருப்பியிருக்காங்க, 11க்கு யூரின் அளந்து டாக்டரைக் கூப்பிட்டிருக்காங்க, 4.10க்கு 14. பத்து நிமிஷத்துல.

அந்த பத்து நிமிஷத்துக்கு நடுவுல தான் "சி கா 6 போன்" எழுதியிருக்கு. அது மருந்து இல்ல கண்ணு. எல்லாத்துக்கும் பெட் நம்பர் போட்டவங்க இதுக்கு மட்டும் போடல பார்த்தீங்களா. கா – காய்ச்சல். சி யாருன்னு உங்களுக்குத் தான் தெரியணும். ஆறு மணிக்கு முன்னாடி போன் பண்ணினா வீட்டுல தூக்கம் கெடும்னு காத்திருந்திருப்பாங்க.

கீழ இருக்கற மூ 34, மூச்சு. நிமிஷத்துக்கு 34. ஒரு வயசுலருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40 எட்டினா நெஞ்சுல சளி இறங்கி நிமோனியாவான்னு பயப்படணும், அதுக்குக் கீழன்னா காய்ச்சலுக்குக் கொஞ்சம் வேகமா இருக்குன்னு விடலாம். மூச்சை எண்ணும்போது எண்றோம்னு காட்டிக்கக் கூடாது, தெரிஞ்சா நோயாளி மூச்சை மாத்தி விடுவாங்க, குழந்தைன்னா அழும், கணக்கு தப்பிரும். அதனால நாடி பார்க்கற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சியைப் பார்க்காம நெஞ்சு ஏறி இறங்கறதை வாட்சை வச்சு ஒரு முழு நிமிஷம் எண்ணுவோம், பேசக் கூடாது. எங்களுக்கு முதல் வருஷத்துலயே சொல்லிக் குடுப்பாங்க.

அப்புறம் நோட்டு கிழிஞ்சிருக்குன்னீங்களே, நாங்க ட்யூட்டி முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுட்டு தான் வருவோம். நோயாளி சமாச்சாரம் வெளிய போகக் கூடாது. இந்த ஒரு பக்கத்தை மட்டும் ஏன் கிழிக்காம எடுத்துட்டு வந்தாங்கன்னு எனக்குச் சொல்லத் தெரியல கண்ணு.

மூத்தவ:

அம்மா (உங்களை அப்படியே கூப்பிடறேன்), பதில் போட ரெண்டு நாள் ஆச்சு, எழுதவே முடியல. தம்பியை வீட்டுல பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, சின்னவன் தான். இன்னைக்கும் சின்னவன் தான்.

அப்பாகிட்ட கேட்டேன். ஆறு மணிக்கு போன் வந்துச்சாம். பக்கத்து வீட்டுல தான் அப்ப போன், அவங்க வந்து கதவைத் தட்டிக் கூப்பிட்டாங்களாம், அப்பா ஓடிப் போய் பேசினாராம். அம்மா என்ன கேட்டாங்கன்னு கேட்டதுக்கு, "மூச்சு எப்படி விடறான், நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குதா, தண்ணி குடிச்சானா, ஒண்ணுக்குப் போனானா, எத்தனை தடவைன்னு அடுக்கடுக்கா கேட்டா, எனக்கு பதிலே தெரியல, எல்லாத்துக்கும் ம் ம்முன்னு சொன்னேன்"னாரு. நான் அப்ப தூங்கிட்டிருந்திருக்கேன்.

சிஸ்டர் மகன் அண்ணா சொன்ன மாதிரி கோவத்தையும் சேர்த்து தான் எழுதியிருக்கேன். 7ம் பெட்டு வரிலருந்து ஆரம்பிச்சு 14 வரைக்கும் வரிசையா வாசிச்சு அர்த்தம் சொல்லப் போறேன், அங்க இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சது தான், ஆனா எங்க வீட்டு ஆளுங்களுக்குத் தெரியாதே.

தம்பிகிட்ட பக்கத்தைக் காட்டினேன். அவனுக்கு அந்தக் காய்ச்சல் ஞாபகமே இல்லையாம். நாலு வயசு, எப்படி இருக்கும். இத்தனை வருஷம் அவனுக்காக நான் தான் வச்சுக்கிட்டு இருந்திருக்கேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "34 சரி தானேக்கா, 40க்குக் கீழ தானே"ன்னு கேட்டான். சரி தான்டான்னேன்.